கழுத்துக்கு மேலே போன நிழல்

1958ஆம் வருஷம் ஆடி மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை மூன்று மணி இருக்கும். டாக்டர் சம்மந்தம் அன்றைக்கு நாற்பத்தோராவது எக்ஸ்ரே படத்தை எடுத்து வெளிச்சப் பெட்டியில் மாட்டினார். மாட்டிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். நின்றுகொண்டு பாடம் எடுக்கிற வழக்கத்தை அவர் விட்டு ஒரு வருஷமாகிறது.

பாகூர் ஏரிக்குக் கீழே ஒரு நிலக்காரக் குடும்பம் எழுதிக்கொடுத்த நெல் கிடங்கில் அந்த நெஞ்சுநோய் ஆஸ்பத்திரி நடந்தது. படம் பார்க்கும் அறைக்குள் வெளிச்சம் வராமல் இருக்க ஜன்னல்களில் கோணிப்பை அடித்திருந்தார்கள். வெளிச்சத்தோடு காற்றும் நின்றுபோயிருந்தது. நகரத்திலிருந்து ஆறு மருத்துவ மாணவர்கள் கொண்ட ஒரு குழு படம் படிக்கக் கற்றுக்கொள்ள இரண்டு மாதம் தினமும் பஸ்ஸில் வந்துபோகும். காலையில் நோயாளிகள், மத்தியானம் மாணவர்களுக்குப் பாடம். இரண்டுக்கும் டாக்டர் சம்மந்தம் ஒருவர்தான்.

பிரெஞ்சுக்காரர் கொடி இறங்குவதற்கு முன்பு இரண்டு டாக்டர்கள் இருந்தார்கள். ஒருவர் பார்த்த படத்தை மற்றவர் தனியாகப் பார்த்துத் தன் கருத்தை எழுதுவார். இரண்டும் ஒத்துப்போனால்தான் மருந்து. அந்த இன்னொரு டாக்டர் பிரான்சுக்குக் கப்பலேறி மூன்று வருஷம் ஆகிவிட்டது. அவருடைய நாற்காலியில் இப்போது பழைய நோயாளி அட்டைகளைக் கட்டி அடுக்கியிருந்தார்கள். சம்மந்தம் பிரெஞ்சில் படித்தவர். இப்போது பாடத்தை இங்கிலீஷில் நடத்த வேண்டும். மனசில் பிரெஞ்சில் வரும் வார்த்தைக்கு இங்கிலீஷ் வார்த்தை தேடி, அதையும் மாணவர்கள் விழித்தால் தமிழில் சொல்லி முடிப்பதற்குள் வாய் உலர்ந்துவிடும்.

"அரிகிருஷ்ணன், நீ சொல்லுப்பா."

அந்தக் குழுவில் கெட்டிக்காரன் என்று பெயரெடுத்த பையன் அரிகிருஷ்ணன். எழுந்து பெட்டிக்கு அருகே போனான். "வலது பக்கம், மேல் பகுதி சார். கழுத்தடியில, காறை எலும்புக்குப் பின்னால வெள்ளையா ஒரு நிழல். ஓரம் ஒழுங்கா இல்லை. ஆரம்பக் காசநோய்."

"சரி. ஆரம்பக் காசம்னா இப்படித்தான் இருக்கும். எல்லாரும் மனசுல வாங்கிக்குங்க."

இதற்கு முன் வந்த இரண்டு குழுக்களுக்கும் இதே படத்தைத்தான் காட்டியிருந்தார். அவர்களும் இதையேதான் சொன்னார்கள். அடுத்த படத்தை எடுக்கக் கையை நீட்டியபோது கடைசி பெஞ்சிலிருந்து சிந்தாமணி எழுந்தாள். வில்லியனூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பெண். அதிகம் பேசமாட்டாள்.

"சார், அந்த நிழல் முடியல."

"இன்னா முடியல?"

"நுரையீரல் இங்கயே முடிஞ்சிடுது சார். நிழல் முடியாம மேல போவுது. கழுத்து வரைக்கும் போவுது."

சம்மந்தம் படத்தைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "கழுவும்போது மருந்து சரியாப் போயிருக்காதும்மா. பழைய படம். உக்காரு."

அவள் உட்கார்ந்துவிட்டாள். நாலரை மணிக்கு மாணவர்கள் பஸ்ஸுக்கு ஓடினார்கள்.

அவர் தொட்டித் தண்ணீரில் முகம் கழுவினார். வேலைக்காரப் பெண் வைத்துவிட்டுப் போன காப்பி ஆறிப்போயிருந்தது. குடித்தார். வீட்டுக்குப் போய்ப் படுக்கலாம் என்று சட்டையை மாட்டியவர், ஏதோ உறுத்த, மறுபடி அந்த அறைக்குள் போய் வெளிச்சப் பெட்டியைப் போட்டார். ஓர் அட்டையை எடுத்து, காறை எலும்புக்குக் கீழே உள்ள எல்லாவற்றையும் மறைத்துவிட்டு, மேலே இருப்பதை மட்டும் பார்த்தார்.

நிழல் இருந்தது. நுரையீரலின் எல்லையைத் தாண்டி, கழுத்துச் சதையின் மேல் ஏறிக் காதுப் பக்கமாகப் போனது. இன்னும் கிட்டத்தில் பார்த்தால் அது ஒரே நிழல்கூட இல்லை. வெளுப்பும் கறுப்புமாக மாறி மாறி, ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்த பட்டைகள்.

பின்னல்.

நுரையீரலை விட்டு வெளியே போகிற நிழல் நுரையீரலில் இல்லை. முதல் வருஷ மாணவனுக்குச் சொல்லித்தரும் பாடம் அது. இதே மாதம் ஒன்றாம் தேதி அவரே சொல்லித்தந்திருந்தார். அட்டைக் கட்டுகள் கிடந்த அந்த நாற்காலியின் விளிம்பிலேயே உட்கார்ந்தார்.

எக்ஸ்ரே எடுக்கும் சாமிக்கண்ணுவைக் கூப்பிட்டார். பிரெஞ்சுக் காலத்துப் பழக்கத்தில் டாக்டரை இன்னமும் 'முசியே' என்று அழைக்கிற மனிதர்.

"இந்தப் பொண்ணுக்குப் படம் எடுக்கறப்ப முடியைத் தூக்கிக் கட்டச் சொன்னியா?"

சாமிக்கண்ணு படத்தையும் அவர் முகத்தையும் பார்த்தார். "சொன்னேன் முசியே. சொல்லிட்டு அந்தாண்ட திரும்பிக்கினேன். சின்ன பொண்ணு, மேல்துணி இல்லாம நிக்குது. தலமயிர தொட்டு ஒதுக்க எனக்குக் கூச்சமா இருந்துச்சி. அது முதுகுல தொங்கினத நான் பாக்கல." படத்தை மறுபடி பார்த்து, "தப்பா பூடிச்சா?" என்று கேட்டார்.

"நீ எடுத்தே. படிச்சது நான்தான்."

அட்டையைத் தேடி எடுத்தார்கள். கலியம்மாள், கணவர் கண்ணையன், வயது இருபத்தொன்று, பூரணாங்குப்பம். தை மாதம் வந்திருக்கிறாள். ஒரு மாத இருமல். கைக்குழந்தைக்குப் பால் கொடுப்பவள். சளியில் மூன்று தடவை பார்த்தும் கிருமி இல்லை. அதற்குக் கீழே சம்மந்தத்தின் கையெழுத்தில், 'ஆரம்ப நிலை, அதனால் கிருமி தெரியவில்லை. ஊசி தொடங்கலாம். குழந்தையைப் பிரித்து வைக்கவும்' என்று இருந்தது. மூன்றாம் மாதம் மறுபடி படம் எடுத்திருக்க வேண்டும். முன்பு பிரான்சிலிருந்து வந்துகொண்டிருந்த எக்ஸ்ரே ஃபிலிம் நின்றுபோய், சென்னையிலிருந்து வரவேண்டியது வராமல் இருந்த நேரம் அது. அந்த இடத்தில் 'ஃபிலிம் வந்ததும்' என்று மட்டும் எழுதியிருந்தது.

ஆறு மாதம்.

மறுநாள் காலை மாணவர்கள் வந்ததும் நோயாளிகளைக் காக்கவைத்துவிட்டு அதே படத்தை மாட்டி, கலியம்மாளின் அட்டையை அவர்கள் கையில் கொடுத்தார்.

"நேத்து சிந்தாமணி சொன்னது சரி. நான் கேக்கல. இது காசம் இல்லை, தலைமுடி."

அரிகிருஷ்ணன் மெல்லக் கேட்டான். "ஆனா இருமல் இருந்துச்சே சார். மருந்து குடுத்ததும் போயிடுச்சின்னு எழுதியிருக்கே."

"பனிக்கால இருமல். தானாப் போயிருக்கும். மருந்தால போச்சின்னு நான் எழுதிக்கிட்டேன்."

சிந்தாமணியின் முகத்தில் சந்தோஷம் எதுவும் இல்லை. தன் பின்னலின் நுனியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"நான் அந்தப் பொண்ண பாக்கப் போறேன்" என்றார் சம்மந்தம். "நீயும் வாம்மா. பொம்பளை ஒருத்தி கூட இருந்தா நல்லது."

தவளக்குப்பத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி, வயல் தாண்டி, சவுக்குத் தோப்பு தாண்டி நடந்தார்கள். பூரணாங்குப்பத்தில் கண்ணையன் வீட்டு வாசலில் அவன் அம்மா சின்னபொண்ணு இடுப்பில் ஒரு பெண் குழந்தையோடு நின்றிருந்தாள். குழந்தைக்கு ஒன்பது மாதம் இருக்கும்.

"கலியம்மாவா? அவ இங்க இல்ல. மூர்த்திக்குப்பத்துக்கு, அவ அண்ணன் வூட்டுக்கு அனுப்பியாச்சி. நீங்கோ யாரு?"

"பாகூர் ஆஸ்பத்திரி டாக்டர்மா."

"சீக்குன்னு சொன்னவரா?" அவள் குரலில் மரியாதை கூடியது. "ஏன்யா, முத்திப் போச்சா அவளுக்கு?"

"இல்லம்மா. அவளுக்குச் சீக்கே இல்லை. எப்பவும் இருந்ததில்லை. நான் படத்தைத் தப்பாப் பாத்துட்டேன்."

சின்னபொண்ணு குழந்தையை இந்த இடுப்பிலிருந்து அந்த இடுப்புக்கு மாற்றினாள். "அன்னைக்கும் நீங்கோதான் சொன்னீங்கோ. இன்னைக்கும் நீங்கோதான் சொல்றீங்கோ. நாங்க எதப் புடிச்சிக்கிறது? பையனுக்கு வேற பொண்ணு பாக்கச் சொல்லி வெச்சிருக்கோம்."

கண்ணையன் கதவருகே வந்து நின்று கேட்டுக்கொண்டிருந்தான். உயரமான, ஒல்லியான ஆள். அவன் அம்மாவைப் பார்க்கவில்லை, டாக்டரைத்தான் பார்த்தான்.

"புள்ளைய அவ தொடக்கூடாதுன்னு நீங்கதான சொன்னீங்க?"

"ஆமாம்பா."

"போறப்ப பால் கட்டி நெஞ்சு வீங்கிக் கெடந்துச்சி அவளுக்கு. வண்டில ஏறமாட்டேன்னு அழுதா. நான்தான் கையப் புடிச்சி இழுத்து ஏத்துனேன்." அவன் குரல் உயரவே இல்லை. "நான்தான் ஏத்துனேன்."

சம்மந்தம் மூர்த்திக்குப்பத்துக்கு வழி கேட்டுக்கொண்டு நடந்தார். சிந்தாமணி பின்னால் வந்தாள்.

அண்ணன் வீட்டுக்குப் பின்புறம் கீற்றுச் சாய்ப்பு ஒன்று. அதற்குள் தனிப் பாய், தனிச் சட்டி, தனிச் சொம்பு. கலியம்மாள் எழுந்திருக்கும்போது சுவரைப் பிடித்துக்கொண்டே எழுந்தாள். டாக்டர் சொன்னதைக் கேட்டு முகத்தைச் சுளித்தாள்.

"இன்னா? ஒரக்க சொல்லுங்க. காதுக்குள்ள பூச்சி கத்துற மாதிரியே கீது, எந்நேரமும்."

சிந்தாமணி அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்து, காதருகே முதலிலிருந்து எல்லாவற்றையும் சொன்னாள். கலியம்மாளின் கை தானாகத் தன் தலைக்குப் போனது. இப்போது பின்னல் இல்லை. எண்ணெய் காணாத முடியை அள்ளிச் செருகியிருந்தாள்.

"முடியா?" என்றாள். பிறகு மறுபடி, "என் முடியா?"

"ஆமாம்மா. என் தப்பு" என்றார் சம்மந்தம், சத்தமாக.

"அப்ப ஊசி எதுக்கு?"

"தேவையே இல்லை. இன்னியோட நிறுத்திடு. காதுல சத்தம் கேக்குறது அந்த ஊசியாலதான். நடக்கும்போது தள்ளாடுதா?"

"கண்ண மூடுனா தரை சாயுது. மருந்து குத்துறவர்கிட்ட சொன்னேன். ஊசின்னா அப்டித்தான் இருக்கும்னாரு. இது போயிடுமா?"

போய்விடும் என்று சொல்லியிருக்கலாம். அவருக்கும் அது சுலபமாக இருந்திருக்கும். "போகலாம். போகாமலும் இருக்கலாம்" என்றார்.

கலியம்மாள் அழுவாள் என்று சிந்தாமணி எதிர்பார்த்தாள். அவள் அழவில்லை.

"எங்க மாமியாகிட்ட சொன்னது போதாது" என்றாள். "ஊருக்கே தெரியும் எனக்குச் சீக்குன்னு. கொழாயாண்ட யாரும் என் கொடத்த வெக்க வுடல. இல்லேன்னும் ஊருக்கே தெரியணும். கோயிலாண்ட வந்து நீங்களே சொல்லணும். வருவீங்களா?"

"வரேன்."

மறுநாள் அவள் அண்ணனோடு ஆஸ்பத்திரிக்கு வந்தாள். பெட்டியில் நான்கு ஃபிலிம் மிச்சம் இருந்தது. சிந்தாமணி அவள் முடியை உச்சியில் தூக்கி ஊசி குத்திக் கட்டி, கழுத்துக் கயிற்றையும் தாயத்தையும் கழற்றி வாங்கிக்கொண்டாள். படம் காய்ந்ததும் சம்மந்தம் தான் பார்க்காமல் மாணவர்களை ஒவ்வொருவராக உள்ளே அனுப்பினார். ஒருவருக்கொருவர் பேசாமல், பார்த்ததைத் துண்டுச் சீட்டில் எழுதி மடித்துப் போடச் சொன்னார். கடைசியாக அவர் உள்ளே போனார். அட்டையால் மறைத்து மறைத்துப் பார்த்தார். தன் கண்ணின் மேலேயே அவருக்கு நம்பிக்கை இல்லாமல் போயிருந்தது. வெளியே வந்து சீட்டுகளைப் பிரித்தார். ஆறிலும் நோய் இல்லை என்றே இருந்தது. தன் சீட்டையும் அவற்றோடு சேர்த்து வைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை பூரணாங்குப்பம் மாரியம்மன் கோயில் முன்னால் ஊர் கூடியது. மீனவர் தெருவின் தலைவரான நாட்டார் உலகநாதன் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தார். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். கலியம்மாள் இரண்டு பக்கத்திலும் சேராமல் அண்ணனோடு நின்றாள்.

சிந்தாமணியோடு வந்திருந்த சம்மந்தம் இரண்டு படங்களையும் உறையிலிருந்து எடுத்தார். அங்கே வெளிச்சப் பெட்டி ஏது? பழைய படத்தை வானத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தார்.

"இது நெஞ்சுக்கூடு. இந்தக் கறுப்பு, காத்து இருக்கிற இடம். காத்துக்கு நடுவுல வெள்ளை தெரிஞ்சா சீக்குன்னு சொல்லுவோம். இதோ, இங்க ஒரு வெள்ளை இருக்கு, பாருங்க. அதைப் பாத்துத்தான் சீக்குன்னு எழுதினேன்."

முன்வரிசையில் குந்தியிருந்த விருத்தாம்பாள் என்கிற நடுவயதுப் பெண் எழுந்து, கண்ணுக்கு மேல் கையை வைத்துக் கிட்டே வந்து பார்த்தாள். மீன் கூடைக்காரி. எக்ஸ்ரே படம் என்ற ஒன்றை வாழ்க்கையில் அன்றுதான் பார்க்கிறாள்.

"அய்ய, இது சடைடீ!" என்றாள் மற்றப் பெண்களைப் பார்த்து. "மூணு காலு எடுத்துப் பின்னினது. இதோ தெரியுதே!"

பெண்கள் எல்லோரும் எழுந்து வந்துவிட்டார்கள். ஆமாம், சடைதான். ஒருத்திக்கும் சந்தேகம் இல்லை. யாரோ சிரித்தார்கள். சிரிப்பு ஆண்கள் பக்கமும் பரவியது. சம்மந்தம் படத்தைப் பிடித்த கையை இறக்கவில்லை. கலியம்மாள் மட்டும் சிரிக்காமல் நின்றாள். அவளைப் பார்த்துச் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது.

நாட்டார் கேட்டார். "எங்க பொம்பளைங்களுக்குத் தெரியுது. படிச்ச ஒங்களுக்கு ஏன்யா தெரியல?"

"அன்னைக்கு எண்பது படம் பாத்தேன். களைச்சிப் போயிருந்தேன். கூடப் பாக்க ஆள் இல்ல. இருமல்னு சொன்னதும் சீக்கு இருக்கும்னு நெனச்சிக்கிட்டே பாத்தேன், அதான் தெரிஞ்சிது. இந்தப் பொண்ணுமேல ஒரு தப்பும் இல்ல. இது புதுப் படம். ஏழு பேர் பாத்திருக்கோம். சுத்தமா இருக்கு. இவ எல்லார் கொடத்தோடயும் கொடம் வெக்கலாம். புள்ளையத் தூக்கலாம்."

நாட்டார் பக்கத்தில் இருந்தவர்களோடு இரண்டு வார்த்தை பேசிவிட்டுச் சொன்னார். "அப்ப அவ வூட்டுக்கு வரட்டும். புள்ள அவகிட்ட போவட்டும். வேற பொண்ணு பேச்சு இனிமே வேணாம். இன்னா கண்ணையா?"

கண்ணையன் தலையசைத்தான்.

"நான் வரல" என்றாள் கலியம்மாள். காது மந்தமானதால் அவள் பேச்சு கத்துவது போலக் கேட்டது. "புள்ளைய குடுங்க. நான் எங்க அண்ணன் ஊர்லயே இருக்கேன். அவருக்கு நான் வேணும்னா அங்க வரட்டும். என்னைய கைய புடிச்சி ஏத்துன வண்டி இந்த வாசல்லதான் நின்னுச்சி."

சின்னபொண்ணு அசையாமல் நின்றாள். கண்ணையன்தான் போய் அம்மாவின் இடுப்பிலிருந்து குழந்தையை வாங்கி வந்தான். கலியம்மாள் கைக்கு வந்ததும் குழந்தை வீறிட்டது. உடம்பை வில்லாக வளைத்து, பாட்டி பக்கம் கையை நீட்டிக் கத்தியது. அவள் குழந்தையை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு திரும்பினாள். நாலடி வைப்பதற்குள் தள்ளாடினாள். கண்ணையன் ஓடிப்போய் முழங்கையைத் தாங்கினான். அவள் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. ஆனால் கையை உதறவும் இல்லை. அப்படியே மணல் பாதையில் தெற்குப் பக்கமாக மூன்று பேரும் போனார்கள், அண்ணன் பின்னால் நடந்தான். குழந்தையின் அழுகை சவுக்குத் தோப்பு வரைக்கும் கேட்டது.

திரும்பி வரும் பஸ்ஸில் சம்மந்தத்தோடு சிந்தாமணியும் இருந்தாள். பாகூர் வருவதற்குள் அவர் தூங்கிப்போனார். அவள்தான் எழுப்பினாள்.

அதற்குப் பிறகு அந்த ஆஸ்பத்திரியில் எந்தப் படத்தையும் ஒருவர் மட்டும் படித்து முடிவெழுதவில்லை. மாணவர்கள் சீட்டு எழுதிப் போட்ட பிறகுதான் சம்மந்தம் பார்ப்பார். மாணவர்கள் இல்லாத வாரங்களில் காலையில் பார்த்த படத்தைச் சாயங்காலம் பெயரை மறைத்து மறுபடி பார்ப்பார். வேலை இரண்டு பங்காயிற்று. முடிவு தெரிய நாலு நாள் ஆகிறதென்று நோயாளிகள் குறை சொன்னார்கள். இன்னொரு டாக்டர் வேண்டுமென்று இரண்டு பாஷையில் மூன்று கடிதம் எழுதினார். 'பரிசீலனையில் உள்ளது' என்று ஒரு பதில் வந்தது. எக்ஸ்ரே அறையில் பெண்களின் முடியைத் தூக்கிக் கட்ட தனக்கொடி என்கிற ஆயாவை நியமித்தார்கள். அது ஒன்றுதான் சீக்கிரம் நடந்தது.

பின்னல் விழுந்த படத்தை அவர் தூக்கி எறியவில்லை. ஒவ்வொரு குழுவுக்கும் முதல் நாளே அதை மாட்டுவார். மாணவர்கள் காசநோய் என்று சொல்லும்வரை பேசாமல் இருப்பார். பிறகு, "நானும் அப்படித்தான் எழுதினேன்" என்று சொல்லித் தன் கையெழுத்துள்ள அட்டையைக் காட்டுவார். ஒவ்வொரு தடவையும் அது கஷ்டமாகத்தான் இருந்தது. பழகிவிடும் என்று நினைத்தார், பழகவில்லை.

அந்த ஆவணி பாதியில் கலியம்மாள் காதைக் காட்டிக்கொள்ள வந்தாள். சிந்தாமணியின் குழுவுக்கு அன்று கடைசி நாள். இடது காதில் சத்தம் குறைந்திருந்தது. வலது காதில் குறையவில்லை, இனிமேல் குறையும் என்று சம்மந்தத்துக்கும் தோன்றவில்லை. அவர் அதை அவளிடம் சொன்னார். அவள் கேட்டுக்கொண்டாள்.

"அவரு இப்ப அங்கதான் இருக்காரு" என்றாள் சிந்தாமணியிடம். "எங்க அண்ணன்கூட கடலுக்குப் போறாரு. நான் இன்னும் பேசல."

"கொழந்த?"

"எட்டு நாளு எங்கண்ணியாண்டதான் ஒட்டிக்கிச்சி. நான் தூக்கினா கத்தும். நானும் தூக்காம வுட்டுட்டேன். பக்கத்துல மட்டும் உக்காந்துக்குவேன்." தவழும் குழந்தையின் உயரத்தை, கையைத் தரைக்கு ஒரு சாண் மேலே வைத்துக் காட்டினாள். "ஒம்பதாம் நாளு கருவாடு காய வெச்சிகினு இருக்கேன், தவழ்ந்துகினே வந்து என் முந்தானையப் புடிச்சிச்சி. நான் கூப்புடவே இல்ல. தானா வந்துச்சி."

சிந்தாமணி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். சம்மந்தம் அட்டையில் வலது காது என்று எழுதி, கொஞ்சம் யோசித்து, அதற்கு நேரே 'தேவையில்லாத ஊசியால் கெட்டது' என்று எழுதினார். வெளியே இன்னும் இருபத்தாறு பேர் உட்கார்ந்திருந்தார்கள்.